வேஷம் குழந்தைக்கா, கேமராவுக்கா?

ஹாலோவீன் நம் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று அக்டோபர் மாதம் முழுவதும் எனக்கு வாட்ஸப்பில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பழைய மாம்பலத்து நண்பர் ஒருவர் அனுப்பியதையே அடையாற்றுச் சம்பந்தி மறுபடி அனுப்புகிறார். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்ககங்களில் குழந்தைகளுக்குப் பேய் வேஷம் போட்டு, பூசணிக்காய் வாளியைக் கையில் கொடுத்து, வீடு வீடாகச் சாக்லேட் வாங்க அனுப்புகிறார்களாம். "எங்கே போகிறோம் நாம்?" என்று கடைசி வரி. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தின்பண்டம் வாங்கி வருவது நமக்குப் புதிதா? நவராத்திரியில் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நாம் பார்த்து வளர்ந்தது வேறு என்ன? ஐயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன வழக்கம் அது. நம்முடையது நம் பாட்டிமார் வைத்திருந்தது. அங்கே மிட்டாய், இங்கே சுண்டல். ஆகவே அந்தச் சண்டையில் நான் இல்லை. எனக்கு இருக்கும் சண்டை வேறு. வேஷம் போட்ட குழந்தையின் முகத்துக்கு நேரே, கண்ணனானாலும் பேயானாலும், இன்று பத்து செல்போன்கள் நீளுகின்றனவே, அதைப் பற்றி. இதில் குற்றவாளி வெள்ளைக்காரன் இல்லை. நம் வீட்டு மகன், மருமகள், பெண், மாப்பிள்ளை, அவர்களுக்குச் சற்றும் சளைக்காத தாத்தா பாட்டி.

அறுபதுகளின் நவராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒன்பது நாளில் ஒரு நாளாவது வீட்டுப் பெண் குழந்தைக்கு வேஷம் உண்டு. சாய்ந்த கொண்டையும் மாலையுமாக ஆண்டாள், கையில் துணிக் கிளியோடு மீனாட்சி, பாசிமணிக் கூடையோடு குறத்தி, அம்மாவின் புடவையை மடிசாராகச் சுற்றிக்கொண்ட ஏழு வயது மாமி. குங்குமச் சிமிழைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று படிப்படியாக ஏறி அழைத்துவிட்டு வரவேண்டும். போன வீட்டில் "ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். பல்லவி வரும், அனுபல்லவியில் மறந்துபோகும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். காகிதப் பொட்டலத்தில் சுண்டல் கிடைக்கும். என்னைப் போன்ற பையன்கள் காவலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு சுண்டலுக்காகவே கூடப் போவோம். திரும்பி வரும்போது ஆண்டாள் கொண்டை சரிந்திருக்கும், குறத்தியின் கூடை என் தலையில் இருக்கும். அந்த வேஷத்துக்குப் பார்வையாளர்கள் ஒரு தெரு. அது போதுமானதாக இருந்தது.

படமே எடுக்கவில்லையா என்றால், எடுத்தோம். நம் தலைமுறையின் வேஷப் படங்கள் எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் இருக்கின்றன. முடியிறக்குவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பின்னல் போட்டு, பூ வைத்து ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு படம். கோடையில் பெண்ணுக்குப் பூத் தைத்து, ஜடை தெரியவேண்டும் என்பதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம். வசதி உள்ளவர்கள் மவுண்ட் ரோடு ஜி.கே. வேலுக்குப் போனார்கள். மற்றவர்கள் பேட்டை ஸ்டூடியோவுக்கு. திரையில் வரைந்த தூணும் மாடிப்படியும், முக்காலியில் ஒரு காகிதப் பூச்சாடி, கழுத்தை நேராக்கி நிறுத்தும் போட்டோகிராபர். ஒரு நெகடிவ், இரண்டு பிரதி. ஒன்று கூடத்துச் சுவருக்கு, மற்றொன்று ஊரில் இருக்கும் பாட்டிக்குத் தபாலில். அத்தோடு முடிந்தது. கல்யாணமாகி வந்த புது மாட்டுப்பெண்ணிடம் அந்தப் பாவாடைப் படத்தைக் காட்டி வீடே சிரிக்கும். சிரித்தவர்கள் எல்லோரும் உறவு. ஆல்பத்தை மூடினால் கேலியும் மூடிவிடும்.

பிறகு சொந்தக் கேமரா வந்தது. அக்ஃபா கிளிக் 3 பலர் வீட்டில் இருந்தது. ஒரு ரோலில் 12 படம். 1960-ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், நம் நாட்டிலேயே பிலிம் செய்து 'இந்து' என்ற பெயரில் விற்றது. அப்போதும் பிலிம் மலிவில்லை. பொங்கலுக்கு ஏற்றிய ரோல் ஆவணி அவிட்டம் வரை கேமராவுக்குள்ளேயே இருக்கும். அதனால் எடுக்கிறவருக்கு ஒரு நிதானம் இருந்தது. குழந்தை விளையாடி முடிக்கட்டும், ஒரு நல்ல நொடி வரட்டும் என்று கேமராதான் குழந்தைக்காகக் காத்திருந்தது. இன்று கேமராவுக்காகக் குழந்தை காத்திருக்கிறது. என் புகாரை ஒரு வரியில் கேட்டால் இதுதான்.

கோகுலாஷ்டமி அன்று எந்த வீட்டிலும் நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் கண்ணன். முகத்திலும் கையிலும் நீலச் சாயம். வாடகைக்கு வாங்கிய ஜரிகை உடை கழுத்தில் உறுத்துகிறது. ஆகஸ்டுப் புழுக்கத்தில் கிரீடத்துக்குள் வேர்த்து வழிகிறது. பானையில் வெண்ணெய் இல்லை, பஞ்சு ஒட்டியிருக்கிறது. நிஜ வெண்ணெய் கேட்டால் உதட்டுச் சாயம் அழிந்துவிடும் என்று தருவதில்லை. பக்கத்திலேயே தட்டில் சீடை இருக்கிறது, அதுவும் படம் முடிந்த பிறகுதான். வாசலிலிருந்து மாக்கோலத்தில் குட்டிக் குட்டிப் பாதங்கள் போட்டிருக்கிறார்கள். அதை மிதித்தால் கோலம் கலைந்து பின்னணி கெட்டுவிடும் என்று குழந்தையை அங்கே நடக்க விடவில்லை. கண்ணன் வருவதற்காகப் போட்ட பாதம், கண்ணன் கால் வைக்கக் கூடாது! "இங்க பாரு, அம்மாவைப் பாரு, புல்லாங்குழலைத் தூக்கு, சிரி, பல்லைக் காட்டாதே, ஒத்தைக் காலை மடக்கு." ஒரு மணி நேரத்தில் அறுபது எழுபது படம். குழந்தை அழ ஆரம்பித்ததும், "ஐயோ, அழறச்சேயும் அழகு!" என்று அதையும் எடுக்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களின் மாறுவேடப் போட்டி இதற்கு அண்ணன். குழந்தைகள் தினம், குடியரசு தினம், பாரதி நினைவு நாள், எதுவானாலும் ஒரு போட்டி. காந்திக்கு மூங்கில் கழி, நேருவுக்கு ரோஜா, பாரதிக்கு முண்டாசும் ஒட்டு மீசையும். பாரதியை நினைத்தால் எனக்கு ஒன்று தோன்றும். 1882-ல் பிறந்து 1921-ல் மறைந்த அந்த மனிதருக்கு, நம் கைக்குக் கிடைத்திருக்கும் புகைப்படங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ரா.அ. பத்மநாபன் 'சித்திர பாரதி' கொண்டுவர எத்தனை அலைந்திருப்பார்! இன்று எல்.கே.ஜி. பாரதி ஒருவனுக்கு ஒரே காலையில் அதைப்போலப் பத்து மடங்கு படம் எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் குழந்தையிடம் பாரதி யார் என்று கேளுங்கள். மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். யாரும் சொல்லித்தரவில்லை, நேரம் எங்கே? மேடைக்கு முன்னால் பெற்றோர் எழுந்து நின்று போனைத் தூக்குவதால், பின்வரிசையில் உட்கார்ந்த தாத்தா பாட்டிக்கு மேடையும் தெரிவதில்லை. குழந்தைக்கு அம்மாவின் முகமும் தெரிவதில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பாட்டை மறந்துவிட்டுத் தவிக்கும் குழந்தை அந்தக் கூட்டத்தில் தேடுவது ஒரு முகத்தைத்தான்.

இதெல்லாம்கூட வீட்டுக்குள் முடிந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். எடுத்த படம் எங்கே போகிறது என்று பாருங்கள். முதலில் வாட்ஸப் ஸ்டேட்டஸ். அதை யார் யார் பார்க்கிறார்கள்? போனில் எண் இருக்கிற எல்லோரும். உறவினர், அலுவலக நண்பர், கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர், இரண்டு வருஷத்துக்கு முன் வீடு பார்க்க வந்த தரகர். அடுத்து அடுக்ககக் குழு, பிறகு பள்ளிக் குழு, பிறகு இன்ஸ்டாகிராம். குழந்தையின் பெயர், வயது, வகுப்பு, பள்ளியின் சின்னம், பின்னணியில் அடுக்ககத்தின் பெயர்ப் பலகை, எல்லாம் ஒரே படத்தில். ரேஷன் கார்டு நகல் கொடுக்கவே எதற்கு என்று நூறு கேள்வி கேட்கிற நாம், இதை யாரும் கேட்காமலேயே ஊருக்குக் கொடுக்கிறோம்.

பள்ளிகள் தங்கள் பங்குக்கு முகநூல் பக்கத்தில் போடுகின்றன. கண்ணன்களும் ராதைகளும் வரிசையாக நிற்கும் படத்துக்குக் கீழே, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான தொலைபேசி எண். ஃபீஸும் நாம் கட்டி, உடை வாடகையும் நாம் கொடுத்து, விளம்பரத்துக்கு மாடலாகக் குழந்தையையும் நாமே அனுப்பி வைக்கிறோம். சேரும்போது நீட்டிய காகிதக் கத்தையில் எங்கோ ஒரு மூலையில் இதற்கும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். படித்துப் பார்த்துப் போட்டவர் எத்தனை பேர்?

"அப்படி என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் அடுக்ககத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யார் என்று சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன். நாலு வயதில் அவனுக்கு ராதை வேஷம் போட்டு எடுத்த படத்தை அவன் அம்மா ஆசையாக முகநூலில் போட்டிருந்தாள். பத்து வருஷம் கழித்து வகுப்புத் தோழன் ஒருவன் அதைத் தேடி எடுத்து, வாட்ஸப் ஸ்டிக்கராக்கி, வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டான். அவன் எது சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். பையன் நாலு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றான். காரணம் தெரிந்ததும் வீட்டில், "இதுக்குப் போயா? எவ்வளவு அழகா இருக்கே அதுல!" என்றார்கள். அவன் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "போடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?" யாரிடமும் பதில் இல்லை. நம் காலத்துப் பாவாடைப் படமும் இந்த ராதைப் படமும் ஒன்றுதான். அன்று அது பீரோவுக்குள் இருந்தது. இன்று அது தெருவில் கிடக்கிறது, எடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டிகளுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது, ஆனால் ஒன்று தெரிந்திருந்தது. அலங்காரம் முடிந்ததும் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைப்பார்கள். கொலு வீடுகளுக்குப் போய்விட்டு வந்த குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு" என்று முணுமுணுப்பார்கள். திருஷ்டியை நீங்கள் நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது உங்கள் இஷ்டம். அதற்குள் இருந்த எண்ணத்தைப் பாருங்கள். குழந்தையை எத்தனை கண்ணுக்குக் காட்டலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு; காட்டியபின் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும். இப்போது அந்த மைப்பொட்டைப் போன் செயலியே அழித்துக் கன்னத்தைப் பளபளப்பாக்கிவிடுகிறது. சுற்றிப் போடலாம் என்றால் எந்தக் கண்ணென்று சுற்றுவது? பார்த்தவர் கணக்குக்கு ஒரு மூட்டை மிளகாய் போதாது.

இது கிழவன் புலம்பல் என்று நினைத்தால் வெளியுலகத்தைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தையின் படத்தின்மீது குழந்தைக்கு உரிமை உண்டு, அதைக் காப்பது பெற்றோர் இருவரின் கடமை, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப குழந்தையையும் கலந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. பெற்றோருக்குள் ஒத்துப்போகாவிட்டால் நீதிபதி தடுக்கலாம். அதே ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் குடும்பப் படங்கள் செயற்கை நுண்ணறிவைப் பழக்கும் ஒரு பெரிய தொகுப்பில் கிடப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது. போட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஓர் உண்மைப் படத்தை வைத்துக்கொண்டு இல்லாத படத்தை உண்டாக்க இன்று பெரிய வித்தை தேவையில்லை. அதை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்பதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. உங்களுக்கே புரியும்.

நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தை, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்குச் செய்வதில் அந்தச் சட்டம் தலையிடாது. அதாவது கம்பெனிகளுக்குக் காவலாகப் பெற்றோரை நிறுத்தியிருக்கிறது. காவல்காரரே வாசலைத் திறந்துவைத்தால் சட்டம் என்ன செய்யும்?

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும். "பேரன் டல்லஸில், நாங்கள் மந்தைவெளியில். படம் பார்ப்பதுகூடக் கூடாதா?" தாராளமாகப் பாருங்கள். நானும் அப்படிப் பார்ப்பவன்தான். ஆனால் உங்களுக்கு அனுப்புவதற்கு உங்கள் எண் ஒன்று போதுமே, ஊர் முழுவதும் எதற்கு? "நினைவாக இருக்கும்" என்பது அடுத்தது. ஆயிரம் படம் நினைவாகாது. போன் மாறும்போது பாதி தொலைகிறது, மீதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சுவரில் மாட்டிய ஒரு படத்தைத்தான் ஐம்பது வருஷமாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "எல்லோரும் போடுகிறார்களே" என்பது மூன்றாவது. அதற்குப் பதில் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

இன்னொன்று. நியூ ஜெர்சியில் பெண் வீட்டில் இருந்தபோது ஒரு ஹாலோவீனைப் பார்த்தேன். அங்கேயும் போன் உண்டு, படம் உண்டு, அவர்களை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். என்ன வேஷம் என்று மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது குழந்தைதான். என் பேத்தி முதலில் டைனோசர் என்றாள், பிறகு தீயணைப்பு வீரர், கடைசியில் அட்டைப்பெட்டியில் கைக்கு இரண்டு ஓட்டை போட்டு ரோபோ. பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்குப் பரம சந்தோஷம். வாசலில் இரண்டு படம் எடுத்தார்கள், மூன்றாவதற்குள் ஓடிவிட்டாள். இங்கே கண்ணனா ராதையா என்பதை முடிவுசெய்வது அம்மா. கிரீடம் எது என்பதை முடிவுசெய்வது கடைக்காரர். எப்படி நிற்பது என்பதை முடிவுசெய்வது அப்பா. குழந்தைக்கு விட்டுவைத்திருப்பது அரிப்பும் அழுகையும்தான். பண்பாடு போய்விட்டது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

சும்மா திட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

குழந்தையைக் கேளுங்கள். நாலு வயதுக்கே வேண்டும், வேண்டாம் சொல்லத் தெரியும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வேஷம் போட்டவுடன் மூன்று படம் எடுத்துவிட்டுப் போனை உள்ளே வையுங்கள். பிறகு குழந்தை வெண்ணெய் தின்னட்டும், கோலத்தை மிதிக்கட்டும். அதற்குத்தானே அந்தப் பண்டிகை.

மூன்றில் நல்லதாக ஒன்றை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி போட்டுச் சட்டமிட்டு மாட்டுங்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பார்க்க வேண்டியவர்களுக்குப் பெயர் சொல்லி அனுப்புங்கள். வந்ததை நீங்களும் வேறு குழுவுக்குத் தள்ளாதீர்கள். இந்தக் கடைசிக் காரியத்தில் நம் வயதுக்காரர்கள்தான் முதலிடம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால் மகனையோ மாட்டுப்பெண்ணையோ உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் எடுக்கும் படத்துக்கு ஒரு கையெழுத்து, விளம்பரத்தில் போடுவதற்குத் தனியாக ஒரு கையெழுத்து என்று கேட்கும்படி வற்புறுத்துங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு போட்டோகிராபரை நிறுத்திவிட்டுப் பெற்றோரை உட்காரச் சொல்லும்படி தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுத நம்மைப் போல நேரம் உள்ளவர் யார்?

அறுபத்து மூவர் கூட்டத்தில் பட்டுப்பாவாடைக் குழந்தையை நோக்கி முன்பின் தெரியாத ஒருவர் நீள லென்ஸை நீட்டினால், "யாரைக் கேட்டு எடுக்கறேள்?" என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தை என்றால் நமக்கும் அதே விதி.

இந்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆண்டாள் வந்து நிற்பாள். உங்கள் கை தன்னால் போனைத் தேடிப் போகும். அந்தக் கையில் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "யார் வந்திருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தா?" என்று கேளுங்கள். பாடச் சொல்லுங்கள். அனுபல்லவியில் மறந்து நின்றால் அடியெடுத்துக் கொடுங்கள். அதற்கு உங்கள் முகம் அவளுக்குத் தெரியவேண்டும்.